போப் போட்ட கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உலக வரலாறு எடுக்கிறேன். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா பாடம் வந்தால் போதும், ஒவ்வொரு பேட்சிலும் இதே சந்தேகங்கள்தான், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் வரும். ஒவ்வொரு தடவையும் போர்டில் எழுதி அழிப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

போப் உலகத்தையே ரெண்டாப் பிரிச்சு ஆளுக்குப் பாதி குடுத்தாராமே, நிஜமா சார்?

பாதி நிஜம். 1493 மே மாதம் போப் ஆறாம் அலெக்சாண்டர் கொடுத்த ஆணையில் ஒரு கோடு வருகிறது. அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளிலிருந்து மேற்கே 100 லீக் (அக்காலத்துத் தூர அளவு) தள்ளி, வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை போகிற கோடு. அதைத் தாண்டிக் கிடைக்கிற நிலமெல்லாம் ஸ்பெயினின் ஃபெர்டினாண்ட், இசபெல்லா தம்பதிக்கு என்கிறது ஆணை. கோட்டுக்குக் கிழக்கே உள்ளது போர்ச்சுகலுக்கு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பட்டா.

இரண்டு பக்கத்தையும் பேசிப் பிரித்தது அடுத்த வருஷம், 1494 ஜூன் 7-ம் தேதி, டோர்டெசில்லாஸ் என்ற ஸ்பானிய ஊரில். இரு அரசுகளின் தூதர்கள் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் அது. போப்பின் ஆள் யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. இந்த இரண்டு கோட்டையும் ஒன்றாக நினைத்து மார்க்கை விடுபவர்கள்தான் அதிகம்.

இங்கிலீஷ்ல 'பேப்பல் புல்'னு போட்டிருக்கே, காளை மாட்டுக்கும் போப்புக்கும் என்ன சம்பந்தம்?

சிரிக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிற கேள்விதான். லத்தீனில் 'புல்லா' என்றால் முத்திரை. ஆணை எழுதிய தோல் ஏட்டின் அடியில் ஈயத்தில் வார்த்த முத்திரை ஒன்று தொங்கும். ஒரு பக்கம் பேதுரு, பவுல் இருவரின் முகங்கள். மறுபக்கம் அப்போதைய போப்பின் பெயர். சலுகையோ உரிமையோ கொடுக்கும் ஆணை என்றால் முத்திரை சிவப்பும் மஞ்சளுமான பட்டு நூலில் தொங்கும். 'இதைச் செய்' என்று உத்தரவு போடும் ஆணை என்றால் சணல் கயிறு. ஏட்டைப் படிக்குமுன், கயிற்றைப் பார்த்தே வந்தது வரமா உத்தரவா என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆணையின் முதல் இரண்டு மூன்று லத்தீன் சொற்கள்தான் அதன் பெயர். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியைத் 'திருமகள் போல' என்று முதல் சொற்களால் குறிக்கிறோமே, அதே மாதிரி. கோடு வருகிற ஆணையின் பெயர் 'இன்டர் சேட்டெரா'. 'மற்றவற்றுள்' என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லை. இதே பெயரில் 1456-லும் ஓர் ஆணை உண்டு, 1493-ல் இரண்டு உண்டு. அதனால் எப்போதும் தேதியைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஊரான் நிலத்தை எடுத்துக் குடுக்க போப்புக்கு யார் சார் அதிகாரம் குடுத்தது?

இதற்குத் திருச்சபைக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. கிறிஸ்து வந்த பிறகு, அவரை ஏற்காதவர்களுக்கு ஆளும் உரிமையே போய்விட்டது என்றார் ஹோஸ்டியென்சிஸ் என்ற 13-ம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர். அதே காலத்தில் போப்பாக இருந்த நான்காம் இன்னொசென்ட், வேற்று மதத்தாருக்கும் சொத்தும் ஆட்சியும் இயற்கையாக உண்டு, ஆனால் சில காரணங்களுக்காகப் போப் தலையிடலாம் என்றார். இன்னொரு ஆதாரம் 'கான்ஸ்டன்டைனின் கொடை' என்ற பத்திரம். ரோமப் பேரரசர் மேற்குலகின் ஆட்சியையே போப்புக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் அந்தப் பத்திரம் போலி என்று லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் 1440-லேயே, அதன் லத்தீன் நடையை வைத்தே நிறுவிவிட்டார்.

சட்டம் எப்படியோ, நடைமுறை வேறு. ஐரோப்பிய மன்னர்களுக்கு அன்றைக்குப் போப் ஒரு பத்திரப்பதிவு அலுவலகம் மாதிரி. 1344-ல் கேனரி தீவுகளை லூயிஸ் தெ லா செர்டா என்ற பிரபுவுக்குக் கொடுத்து ஆணை வந்தது. அந்த மனிதர் கடைசிவரை அங்கே போய்ச் சேரவில்லை. முதலில் பதிந்துகொண்டால் பக்கத்து ராஜா வில்லங்கம் பண்ண முடியாது, அதுதான் பயன். நிலத்தில் குடியிருப்பவரைப் பற்றி அந்தப் பதிவில் பேச்சே இல்லை.

கொலம்பஸ் போயிட்டு வந்ததுக்கு அப்புறம்தானே இதெல்லாம் ஆரம்பம்?

இல்லை, அதற்கு 40 வருஷம் முன்னாலேயே. போர்ச்சுகல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1452-ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ், போர்ச்சுகல் மன்னர் ஐந்தாம் அஃபோன்சோவுக்கு ஓர் ஆணை கொடுத்தார். 1455-ல் 'ரோமானுஸ் பொன்டிஃபெக்ஸ்' என்ற இன்னொன்று. இஸ்லாமியர்களையும் பிற மதத்தாரையும் தாக்கலாம், நாட்டைப் பிடிக்கலாம், அவர்களை நிரந்தர அடிமைகளாக்கலாம் என்று இவை அனுமதி தருகின்றன. பிடித்த கடல்வழியில் வேறு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்றும் 1455 ஆணை சொல்கிறது. போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கி விற்பது 1444-லேயே தொடங்கியிருந்தது. நடந்துகொண்டிருந்ததற்குத்தான் முத்திரை விழுந்தது.

பிறகு 1479-ல் அல்காசோவாஸ் ஒப்பந்தம்: கேனரி தீவுகள் ஸ்பெயினுக்கு, அதற்குத் தெற்கே கினிப் பக்கம் உள்ளதெல்லாம் போர்ச்சுகலுக்கு. 1481-ல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் அதையும் உறுதிப்படுத்தினார். இந்த 1481-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

சரி, அப்போ 1493-ல ஒரே வருஷத்துல நாலு ஆணை எதுக்கு?

கொலம்பஸ் திரும்பி வரும்போது புயல் அவர் கப்பலை ஸ்பெயினுக்கு முன்னால் லிஸ்பனில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தேதி 1493 மார்ச் 4. போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜோவான் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். கேனரிக்குத் தெற்கே உள்ளதெல்லாம் 1479 ஒப்பந்தப்படியும் 1481 ஆணைப்படியும் தன்னுடையது, ஆகவே நீ கண்டதும் என்னுடையது என்பது அவர் வாதம். ஸ்பெயின் உடனே ரோமுக்கு ஆள் அனுப்பியது.

மே 3 தேதியிட்டு இரண்டு ஆணைகள், மே 4 தேதியிட்டு கோடு போட்ட ஆணை, செப்டம்பர் 26-ல் 'டூடும் சிக்விடெம்' என்று நாலாவது. மேற்கே போய் இந்தியாவையே தொட்டாலும் அங்கே கிடைப்பதும் ஸ்பெயினுக்கே என்றது அந்தக் கடைசி ஆணை. மே 4 ஆணையின் வாசகம் அவசரத்தில் எழுதியது என்பது பார்த்தாலே தெரியும். வடக்கு தெற்காகப் போகிற கோட்டுக்கு 'மேற்கேயும் தெற்கேயும்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குத் தெற்கே என்ன இருக்க முடியும்? அசோர்ஸும் கேப் வெர்டேயும் ஒரே தீர்க்கரேகையிலும் இல்லை. எதிலிருந்து அளப்பது?

போப் ஸ்பெயின்காரர், அதனாலதான் இப்படிச் சாதகமாச் செஞ்சார், கரெக்டா?

அலெக்சாண்டரின் இயற்பெயர் ரோட்ரிகோ போர்ஜா, சொந்த ஊர் வலென்சியா பக்கம் ஷாதிவா. போப்பாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இத்தாலியில் அவருக்கு ஃபெர்டினாண்டின் தயவு வேண்டியிருந்தது. மகன் ஜுவானுக்கு அதே 1493-ல் அரச குடும்பத்தில் பெண் எடுத்தார். சாதகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் போர்ச்சுகலுக்கு அள்ளிக் கொடுத்த நிக்கோலஸும் சிக்ஸ்டஸும் இத்தாலியர்கள். இந்த மாதிரி ஆணைகள் பெரும்பாலும் கேட்பவர் மனுவில் எழுதிக் கொடுத்ததை ஒட்டியே வரும். என் கணிப்பில், போப் எந்த ஊர்க்காரர் என்பதைவிட மனுவோடு ரோமுக்கு யார் முதலில் போனார் என்பதுதான் முக்கியம்.

டோர்டெசில்லாஸ்ல மட்டும் ஏன் 370 லீக்? 350, 400னு ரவுண்டா வைக்கக் கூடாதா?

ஜோவான் ரோமுக்குப் போகாமல் நேரே ஸ்பெயினோடு பேசினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிற கப்பல்கள் காற்றைப் பிடிக்க அட்லாண்டிக்கில் மேற்கே வெகுதூரம் வளைந்து போக வேண்டும். 100 லீக் கோடு என்றால் அந்த வளைவே அடுத்தவன் கடலில் விழும். பேரம் பேசி 370-க்குக் கொண்டுவந்தார். இன்றைய கணக்கில் 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஒப்பந்தம் பேசும்போது கொலம்பஸ் இரண்டாம் பயணத்தில் இருந்தார், அவர் என்ன கண்டுபிடித்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு தனி ஷரத்து போட்டார்கள். ஜூன் 20-க்குள் அவர் ஏதாவது கண்டிருந்தால், முதல் 250 லீக்குக்குள் இருப்பது போர்ச்சுகலுக்கு, 250-க்கும் 370-க்கும் நடுவில் இருப்பது ஸ்பெயினுக்கு. இவ்வளவு நுணுக்கமாகப் பேசியவர்கள், கேப் வெர்டேயில் எந்தத் தீவிலிருந்து அளப்பது, ஒரு லீக் என்றால் எவ்வளவு என்று எழுத மறந்துவிட்டார்கள். போப்பின் உறுதிப்பாடு 1506-ல், இரண்டாம் ஜூலியஸ் காலத்தில்தான் வந்தது.

கடல் நடுவுல கோடு எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

கண்டுபிடிக்கவே இல்லை. பத்து மாதத்துக்குள் இரு தரப்புக் கப்பல்களும் கிரான் கேனரியில் கூட வேண்டும், மாலுமிகளும் வானியல் அறிந்தவர்களும் சேர்ந்து மேற்கே போய்க் கோட்டைக் குறிக்க வேண்டும், வழியில் நிலம் வந்தால் தூண் நட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தப் பயணம் நடக்கவில்லை.

நடந்திருந்தாலும் பயனில்லை. அட்சரேகையை நட்சத்திரத்தையும் சூரியனையும் பார்த்துச் சொல்லிவிடலாம். தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் வேண்டும், கடலில் ஓடும் அப்படிப்பட்ட கடிகாரம் 18-ம் நூற்றாண்டில்தான் வந்தது. அக்காலத்து வல்லுநர்கள் போட்ட கணக்குகள் மேற்கு 42 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 50 டிகிரி வரை அலைகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி 111 கிலோமீட்டர், வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். சர்வே கல் நடாமலே செக்குபந்தி எழுதிய பத்திரம் அது.

பிரேசில் இருக்கறது முன்னாடியே தெரிஞ்சுதானே போர்ச்சுகல் கோட்டை நகர்த்தச் சொன்னது?

யூடியூபில் இதை அடித்துச் சொல்கிறார்கள். கப்ரால் என்ற போர்ச்சுகீசியத் தளபதி பிரேசில் கரையைக் கண்டது 1500 ஏப்ரல் 22. அதற்கு முன்பே ரகசியமாகத் தெரிந்திருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். நேரடி ஆவணம் இல்லை. மேலே சொன்ன காற்று வளைவே போதுமான காரணம் என்பது என் எண்ணம். தேர்வில் 'தெரிந்தே கேட்டது' என்று உறுதியாக எழுதாதீர்கள்.

பூமி உருண்டைதானே சார், அப்போ பின்பக்கம் கோடு எங்க போச்சு?

வகுப்பில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். 1494-ல் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஸ்பெயினுக்காக மேற்கே போன மெகல்லன் பயணத்தில் மிஞ்சிய விக்டோரியா கப்பல் 1522 செப்டம்பரில் 18 பேரோடும், உள்ளே நிறைய கிராம்போடும் ஸ்பெயின் திரும்பியதும் தகராறு வந்தது. கிராம்பு அன்றைக்கு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்கா தீவுகளில் மட்டும். அவை யார் பாதியில் இருக்கின்றன?

1524-ல் எல்லையோரம் படஜோஸ், எல்வாஸ் ஊர்களில் இரு நாட்டு வல்லுநர்களும் கூடி வாரக்கணக்கில் வாதாடினார்கள். லோபெஸ் தெ கோமாரா என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் அப்போது நடந்ததாக ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். போர்ச்சுகீசியத் தூதர்கள் ஆற்றங்கரையில் நடந்து போகிறார்கள். அம்மா துவைத்துப் போட்ட துணிக்குக் காவல் இருந்த ஒரு பொடியன், "உலகத்தைப் பங்கு போடுகிறவர்கள் நீங்கள்தானா?" என்று கேட்கிறான். ஆமாம் என்றதும் சட்டையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டி, "இதோ, இதன் நடுவில் போடுங்கள் உங்கள் கோட்டை" என்கிறான். ஊரே சிரித்ததாம்.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. 1529 ஏப்ரல் 22 சரகோசா ஒப்பந்தத்தில், பணமுடையில் இருந்த ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 3,50,000 டுகாட் (தங்க நாணயம்) வாங்கிக்கொண்டு மொலுக்கா மீதான உரிமையைப் போர்ச்சுகலுக்கு விட்டுக்கொடுத்தார். மொலுக்காவிலிருந்து கிழக்கே 297.5 லீக் தள்ளி இரண்டாவது கோடு விழுந்தது. இன்றைய வரைபடத்தில் அளந்தால் மொலுக்கா முதலிலிருந்தே போர்ச்சுகல் பாதியில்தான் இருக்கிறது. தன் தோட்டத்தையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அப்போ பிலிப்பைன்ஸ் எப்படி ஸ்பெயின் கைக்குப் போச்சு? அதுவும் போர்ச்சுகல் பக்கம்தானே?

ஆமாம், இரண்டு கோட்டின்படியும் அது போர்ச்சுகல் பக்கம். 1565-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி அங்கே போய் இறங்கிவிட்டார். வாசனைப் பொருள் இல்லாத தீவுகளுக்காகப் போர்ச்சுகல் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. 1580-லிருந்து 1640 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா, கேள்வியே எழவில்லை. இதே மாதிரி பிரேசிலில் போர்ச்சுகீசியர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே உள்ளே போனார்கள். கடைசியில் 1750 மாட்ரிட் ஒப்பந்தம், யார் கையில் எது இருக்கிறதோ அது அவர்களுக்கே என்ற அடிப்படையில் டோர்டெசில்லாஸைக் கைகழுவியது.

இங்கிலாந்து, பிரான்ஸ் எல்லாம் வேடிக்கை பார்த்துட்டு இருந்தாங்களா?

இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி கத்தோலிக்கர், போப்பை எதிர்க்கிறவர் இல்லை. 1496 மார்ச் 5-ல் ஜான் கேபட் என்ற கடலோடிக்குக் கொடுத்த உரிமை ஏட்டில் கிழக்கு, மேற்கு, வடக்குக் கடல்கள் என்று மூன்று திசை இருக்கிறது, தெற்கு இல்லை. சண்டைக்கு வராமல் சந்தில் புகுந்து போன கெட்டிக்காரத்தனம்.

பிரான்சின் முதலாம் பிரான்சிஸ், ஆதாமின் உயிலில் எனக்குப் பங்கில்லை என்று எழுதிய வரியைக் காட்டுங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் தரப்பில் ஹ்யூகோ குரோஷியஸ் 1609-ல், கடல் யாருக்கும் சொந்தமில்லை, போப்பின் கொடை அதை மாற்றாது என்று எழுதினார். அவருக்கு முன்பே, 1539-ல், ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்திலேயே துறவி பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, போப் உலகத்துக்கு அதிபதி இல்லை, அமெரிக்கப் பழங்குடியினரே தங்கள் நிலத்தின் உண்மையான உரிமையாளர்கள் என்று பாடம் நடத்தியிருந்தார். பிறகு வேறு காரணங்கள் சொல்லி ஸ்பெயினுக்கு வழியும் திறந்து வைத்தார் என்பதைச் சேர்த்தே படியுங்கள்.

அங்க இருந்த ஜனங்ககிட்ட யாராவது இதைச் சொன்னாங்களா?

சொன்னார்கள், ஸ்பானிய மொழியில். 1513-ல் பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட நிபுணர் 'ரெக்கெரிமியென்தோ' என்ற அறிவிப்பை எழுதினார். தாக்குமுன் அதை உரக்க வாசிக்க வேண்டும். கடவுள் உலகைப் படைத்தது, பேதுருவைத் தலைவராக்கியது, பின்னால் வந்த ஒரு போப் இந்த நிலத்தை எங்கள் ராஜாவுக்குத் தந்தது என்று வரிசையாக வரும். ஏற்றுக்கொண்டால் நல்லது, மறுத்தால் போர், அடிமைத்தனம், 'சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு'. வாசித்ததற்கு எழுத்தர் சாட்சி எழுதித் தர வேண்டும். ஆளில்லாத குடிசைகளுக்கும் மரங்களுக்கும்கூட வாசித்திருக்கிறார்கள்.

ஒரு பதில் பதிவாகியிருக்கிறது. இன்றைய கொலம்பியாவில் உள்ள செனு பகுதித் தலைவர்களிடம் இதை விளக்கியதாக மார்ட்டின் பெர்னாண்டஸ் தெ என்சிஸோ எழுதுகிறார். கடவுள் ஒருவரே என்பது சரி என்றார்களாம். ஆனால் தன்னுடையது அல்லாததைத் தானம் கொடுத்த போப் குடித்திருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கிய ராஜா பைத்தியமாக இருக்க வேண்டும் என்றார்களாம். நம் ஊரில் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்போம்.

ஆனா ஒரு போப்பே பழங்குடிகளை அடிமையாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே, அது இல்லையா?

உண்டு. 1537 ஜூன் 2-ல் போப் மூன்றாம் பவுல் 'சுப்ளிமிஸ் தேயுஸ்' ஆணையில், கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் அவர்களின் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்றார். அதற்குச் சில நாள் முன்னால், மீறுபவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரத்தை டொலேடோ பேராயருக்குத் தந்து தனிக் கடிதமும் அனுப்பினார்.

ஐந்தாம் சார்லஸ் இதைத் தன் அதிகாரத்தில் கை வைப்பதாக எடுத்துக்கொண்டார். 1538-ல் அந்தத் தண்டனைக் கடிதத்தைப் பவுலே திரும்பப் பெற்றார். கொள்கை நின்றது, பல் போய்விட்டது.

நம்ம ஊரு எந்தப் பக்கம் வந்துச்சு? நமக்கு இதனால என்ன?

இந்தியா போர்ச்சுகல் பக்கம். வாஸ்கோ ட காமா திரும்பிய 1499-லேயே மன்னர் மானுவேல், எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் 'வெற்றிக்கும் கடற்பயணத்துக்கும் வாணிகத்துக்கும் அதிபதி' என்று பட்டம் சூடிக்கொண்டார். இங்கே ஒரு கோட்டைகூட அப்போது அவரிடம் கிடையாது. பின்னர் இந்தியப் பெருங்கடலில் போகும் வணிகக் கப்பல்கள் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் பறிமுதல் என்று ஆயிற்று.

இதைவிட நீண்ட காலம் நின்றது 'பதுரவாதோ'. பிடித்த நாடுகளில் திருச்சபையை நடத்தும் பொறுப்பும், ஆயர்களை முன்மொழியும் உரிமையும் போர்ச்சுகல் மன்னருக்கு என்ற ஏற்பாடு, அதே ஆணைகளின் கிளை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்ததும் மன்னர் மூன்றாம் ஜோவானின் ஏற்பாட்டில்தான். 1606-ல் அமைந்த மயிலாப்பூர் மறைமாவட்டமும் இந்த உரிமையின் கீழ் வந்தது. 1622-ல் ரோம் 'புரோபகாந்தா' என்று தனி மிஷன் துறை தொடங்க, இரண்டு அதிகாரத்துக்கும் இழுபறி. 1838-ல் போப் பதினாறாம் கிரகோரி மயிலாப்பூர் முதலிய இடங்களில் போர்ச்சுகல் அதிகாரத்தை நீக்கினார், 1886-ல் மயிலாப்பூர் மறுபடி போர்ச்சுகல் பக்கம் போனது. ஒரே நகரத்தில் மெட்ராஸுக்கு ஓர் ஆயர், மயிலாப்பூருக்கு ஓர் ஆயர் என்று இருந்து, 1952-ல்தான் இரண்டும் ஒரே மறைமாவட்டம் ஆயின.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இந்த ஆணையை வச்சுத் தீர்ப்பு குடுத்துச்சாமே?

கொஞ்சம் சிக்கலான விஷயம். 1823 'ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ்' வழக்கு, பியான்கெஷா பழங்குடியினர் தனியாருக்கு விற்ற நிலம் பற்றியது. பழங்குடியினருக்கு நிலத்தில் குடியிருக்கும் உரிமைதான் உண்டு, முழு உரிமை கண்டுபிடித்த ஐரோப்பிய அரசுக்கும் அதன் வாரிசான அமெரிக்காவுக்கும் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். இதுதான் 'கண்டுபிடிப்புக் கோட்பாடு'.

ஆனால் தீர்ப்பு போப் ஆணையில் நிற்கவில்லை. ஸ்பெயின்கூடத் தன் உரிமையைப் போப்பின் கொடையில் மட்டும் நிறுத்தவில்லை என்கிறார் மார்ஷல். அமெரிக்காவுக்கு அவர் காட்டுவது முன்னே சொன்ன ஹென்றி–கேபட் ஏடு. வாதத்தின் வேர் ஒன்று, ஆவணம் வேறு. 2005-ல் ஒனைடா பழங்குடியினர் வழக்கில்கூட நீதிபதி கின்ஸ்பர்க்கின் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இந்தக் கோட்பாடு எட்டிப் பார்த்தது.

வத்திக்கான் இதையெல்லாம் ரத்து பண்ணிட்டாங்கன்னு நியூஸ்ல பார்த்தேனே?

2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடா போனபோது, கியூபெக் பக்கம் அவர் திருப்பலியின்போதே கோட்பாட்டை ரத்து செய்யச் சொல்லிப் பழங்குடிப் பெண்கள் பேனர் விரித்தார்கள். 2023 மார்ச் 30-ல் வத்திக்கானின் இரண்டு துறைகள் சேர்ந்து அறிக்கை விட்டன: கண்டுபிடிப்புக் கோட்பாடு திருச்சபையின் போதனை அல்ல, அதை நிராகரிக்கிறோம், அந்த ஆணைகள் பழங்குடியினரின் சம கண்ணியத்தைப் போதுமான அளவு மதிக்கவில்லை. மூன்றாம் பவுலின் 1537 ஆணையையும் மேற்கோள் காட்டினார்கள்.

1452, 1455, 1493 ஆணைகளைப் பெயர் சொல்லி ரத்து செய்யும் புதிய ஆணை அது அல்ல. 'இன்டர் சேட்டெரா' 1494 டோர்டெசில்லாஸ் ஒப்பந்தத்தோடேயே செல்லாமல் போய்விட்டது என்பது 2010-ல் ஐ.நா. பழங்குடியினர் மன்றத்தில் வத்திக்கான் தரப்பு சொன்ன வாதம். செல்லாததை எதற்கு ரத்து செய்வது என்கிறார்கள். செல்லாததுதானே, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன என்று பழங்குடித் தலைவர்கள் சிலர் கேட்கிறார்கள். தேர்வில் வந்தால் 'நிராகரித்தது' என்று எழுதுங்கள், 'ரத்து செய்தது' என்று எழுதாதீர்கள்.